கணினிப் படங்களைத் தொலைக்காட்சியில் காண்பது எப்படி?

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1946ஆம் ஆண்டில் மலாயன் ஃபிலிம் யூனிட் தொடங்கப்பட்ட பின்னர், தகவல் இலாகாவின் வண்டிகள் அதன் படங்களைத் தோட்டங்களுக்கும் கம்பங்களுக்கும் கொண்டு சென்றன. பாய் விரித்து அமர்ந்த பெரியோரும், திரையின் முன்வரிசையில் இடம் பிடித்த சிறுவரும் ஒரே படத்தை ஒரே நேரத்தில் கண்டனர். 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது. நாளடைவில் அக்காட்சி திடலிலிருந்து வீட்டுக் கூடத்திற்கு வந்தது.

இன்று நம் பிள்ளைகள் தாங்களே படக்காட்சிகளை உருவாக்குகின்றனர். பள்ளியிலும் கல்லூரியிலும் கற்ற பயிற்சியைக் கொண்டு, தோட்டத்தின் பழைய நிழற்படங்களைத் திரட்டிக் கணினியில் அழகாகத் தொகுக்கின்றனர். இது பெரிதும் பாராட்டத்தக்க முயற்சியாகும். ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. மடிக்கணினியின் சிறிய திரையை இருவர் மூவர்தாம் நெருங்கி நின்று பார்க்க இயலும். விடுமுறை முடிந்து பேரன் பட்டணத்திற்குத் திரும்பும்போது, கணினியும் அவனுடன் சென்றுவிடுகிறது. படத்தில் உள்ள முகங்களையெல்லாம் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய பாட்டியோ, அதனை மீண்டும் காண வழியின்றி இருக்கிறார்.

பாட்டியின் வீட்டில் கணினி இல்லாமல் இருக்கலாம். தொலைக்காட்சியும் பழைய டிவிடி பெட்டியும் இருக்கக்கூடும். கணினியில் உள்ள காட்சியை ஒரு வட்டில் பதிந்து கொடுத்துவிட்டால், ரிமோட்டின் ஒரு பொத்தானை அழுத்தி அவர் விரும்பிய போதெல்லாம் பார்க்கலாம். அதனைச் செய்யும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

படவில்லைக் காட்சியும் ஒளிக்காட்சியும்

கணினியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும் பக்கங்களைப் படவில்லைகள் என்கிறோம். பிள்ளைகள் ‘ஸ்லைடு’ என்பர். இவற்றை ஆக்குவதற்குப் பெரிதும் பயன்படும் மென்பொருள் பவர்பாயிண்ட் ஆகும். இது 1987ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தது. ஒருவர் முன்னே நின்று பேசிக்கொண்டே படங்களை மாற்றிக் காட்டுவதற்கென்றே இது வகுக்கப்பட்டது. எனவே பேசுபவர் பொத்தானை அழுத்தும்வரை படம் மாறாமல் நிற்கும்.

டிவிடி பெட்டி இவ்வாறு இயங்குவதன்று. பவர்பாயிண்ட் கோப்பினை அது அறியாது. திரைப்படத்தைப் போல் இடைவிடாது ஓடும் ஒளிக்காட்சியை மட்டுமே அது அறியும். நம் நாட்டில் வழங்கிவந்த பால் எனப்படும் தொலைக்காட்சி முறையில், ஒரு நொடிக்கு 25 படங்கள் திரையில் தோன்றும். ஒரு நிழற்படம் 12 நொடிகள் அசையாமல் நிற்க வேண்டுமாயின், அதே படம் 300 முறை காட்டப்படுகிறது என்பதே பொருள். அசையாத படத்தை ஓடும் படமாக மாற்றுவதுதான் நாம் செய்ய வேண்டிய முதல் வேலை.

இதில் ஓர் உண்மையை மனத்திற்கொள்ளுதல் வேண்டும். வட்டில் பதிந்த பின்னர், முன்னே நின்று விளக்குவதற்கு எவரும் இரார். “இவர் யார்?” என்று ஒருவர் கேட்டால் நின்று விடையளிக்கவோ, “எழுத்து தெரியவில்லை” என்றால் பெரிதாக்கிக் காட்டவோ ஆள் இல்லை. ஆகவே பேசுபவர் செய்யும் வேலைகள் அனைத்தையும் வட்டில் பதிவதற்கு முன்பே காட்சிக்குள் சேர்த்துவிட வேண்டும். இதனைச் செய்யாமல் பதிந்த வட்டு, ஆசிரியர் இல்லாத வகுப்பறையைப் போன்றதாகும்.

எழுத்து பெரிதாக இருக்கட்டும்

முதலாவது எழுத்தின் அளவு. இன்றைய கணினித் திரைகள் பலவற்றில் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் உள்ளன. பால் முறை டிவிடியிலோ குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளிகளே உள்ளன. பெருக்கிப் பார்த்தால், கணினியில் உள்ளவற்றில் ஐந்தில் ஒரு பங்கு புள்ளிகளே வட்டில் கிடைக்கின்றன. கணினியில் தெளிவாகத் தெரிந்த சிறு எழுத்து தொலைக்காட்சியில் மங்குவதற்கு இதுவே காரணம்.

தமிழ் எழுத்துக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. ஒரு புள்ளி மறைந்தால் ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும். ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் இவ்வாறு திரிந்தால் பார்ப்பவர் குழம்புவர். ஆதலால் எழுத்தின் அளவு 32க்குக் குறையாமல் இருப்பது நலம். ஒரு பக்கத்தில் நான்கைந்து வரிகளுக்கு மேல் வேண்டாம். கருநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து நன்கு தெரியும். மெல்லிய கோடுகள் பழைய தொலைக்காட்சிகளில் நடுங்குவதுபோல் தோன்றுமாதலால், தடித்த எழுத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பழைய பெட்டிகள் படத்தின் நான்கு ஓரங்களையும் சிறிது மறைத்துவிடும். ஆகையால் பெயர்களை விளிம்பில் எழுதாமல், ஒவ்வொரு பக்கத்திலும் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு உள்ளே எழுதுக. பக்கத்தின் வடிவையும் கவனிக்க வேண்டும். பழைய தொலைக்காட்சியின் அகலமும் உயரமும் நான்குக்கு மூன்று என்னும் அளவில் இருக்கும். புதியவை பதினாறுக்கு ஒன்பது என்னும் அளவின. வட்டு எந்த வீட்டிற்குப் போகிறதோ, அந்த வீட்டுப் பெட்டியின் வடிவிற்கேற்பத் தொடக்கத்திலேயே அளவை அமைத்துக்கொள்ளுதல் சிறப்பு.

நேரமும் குரலும்

இரண்டாவது நேரம். ஒளிக்காட்சியாக மாற்றும்போது, நாம் வேறு அளவு குறிக்காவிடில் பவர்பாயிண்ட் ஒவ்வொரு பக்கத்திற்கும் ஐந்து நொடியே ஒதுக்கும். இளைஞருக்கு இது போதும், முதியவருக்குப் போதாது. இதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. பக்கத்தில் உள்ளதை வாய்விட்டு நிதானமாக இருமுறை படியுங்கள். அதற்கு எத்தனை நொடி ஆகிறதோ, அத்தனை நொடியை அந்தப் பக்கத்திற்குக் கொடுங்கள். பலர் கூடி நிற்கும் படமாயின் இன்னும் சிறிது கூட்டிக்கொள்ளலாம். ஐம்பது படங்களுக்குப் பன்னிரண்டு நொடி வீதம் கொடுத்தால் மொத்தம் பத்து நிமிடமே ஆகும். ஒரு டிவிடி வட்டில் ஏறத்தாழ இரண்டு மணி நேரக் காட்சி அடங்கும். ஆகவே அவசரப்பட வேண்டியதில்லை.

மூன்றாவது குரல். நம் முதியோருள் எழுத்தறியாதவர் உண்டு. கண்பார்வை குறைந்தவரும் உண்டு. ஒவ்வொரு படத்திற்கும் விளக்கத்தைப் பேசிப் பதிந்தால் அவர்களும் முழுப்பயன் அடைவர். பவர்பாயிண்டிலேயே குரலைப் பதியும் வசதி இருக்கிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு அமைதியான நேரத்தில் பதிவு செய்க. பின்னணியில் பாட்டு வேண்டுமென்று சிலர் விரும்புவர். பாட்டின் ஒலி பேச்சை விழுங்கிவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதிவதற்கு முன் பெரியோரைக் கேளுங்கள்

காட்சி முடிந்தவுடனே வட்டில் பதிந்துவிடலாகாது. முதலில் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மூத்தோரிடம் செல்லுங்கள். ஒவ்வொரு படத்தையும் காட்டி, “தாத்தா, இவர் யார்? பாட்டி, இது எந்த லயம்?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஏட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பெரட்டுக்கு நிற்பவர்களின் நடுவே இருப்பவர் மண்டோரா, கிராணியா? ஆயாக் கொட்டகையின் வாசலில் குழந்தையை ஏந்தி நிற்பவர் எவர்? பால்வாளி சுமந்து வருபவர் யார் வீட்டுப் பெண்? இவற்றிற்கு விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை. பெரியோர் சிலரின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

ரப்பர் மரங்கள் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்ட தோட்டங்கள் பல. வீடமைப்புக்காக விற்கப்பட்டவையும் உண்டு. ஒரே லயத்தில் அடுத்தடுத்து வாழ்ந்த குடும்பங்கள் இன்று வெவ்வேறு ஊர்களில் அடுக்குமாடி வீடுகளில் வசிக்கின்றன. லயம் இருந்த இடம் அடையாளம் தெரியாமல் போன பின்னர், அதன் நிழற்படமே சான்றாக நிற்கும். பெயர் தெரியாத முகங்கள் நிறைந்த படத்தால் வருங்காலப் பிள்ளைகளுக்கு விளையும் பயன் குறைவு. படம் இன்னும் பல்லாண்டு இருக்கலாம். பெயரைச் சொல்பவர் அத்தனை காலம் இருப்பார் என்று எண்ணியிருத்தல் தவறு.

பெரியோரிடம் காட்டும்போது பிழைகளும் வெளிப்படும். ஒருமுறை பதிந்த வட்டில் பெயரைத் திருத்த முடியாது. ஆகவே இந்தச் சரிபார்ப்பை விட்டுவிடலாகாது.

பதியும் முறை

இனிச் செய்முறையைப் படிப்படியாகக் காண்போம்.

முதற்படி: பவர்பாயிண்டில் ‘ஃபைல்’ என்பதைத் திறந்து, ‘எக்ஸ்போர்ட்’ என்பதில் ‘கிரியேட் எ வீடியோ’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒளிக்காட்சியாக மாற்றும் இவ்வசதி 2010ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் உள்ளது. பதிப்புக்குப் பதிப்பு பொத்தானின் இடம் சற்று மாறலாம். முடிவில் எம்பி4 என்னும் வகைக் கோப்பு கிடைக்கும். எழுத்துகளும் இப்போது படமாகவே மாறிவிடுகின்றன. ஆதலால் தமிழ் எழுத்துரு இல்லாத இடத்திலும் அவை கட்டங்களாகச் சிதையா.

இரண்டாம் படி: அந்தக் கோப்பினை டிவிடி முறைக்கு மாற்ற வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். எம்பி4 கோப்பினை அப்படியே வட்டில் படி எடுத்துவிட்டு, “பெட்டியில் ஓடவில்லையே” என்று வருந்துகின்றனர். பழைய டிவிடி பெட்டி எம்பெக்-2 என்னும் முறையில் அமைந்த காட்சியையே ஏற்கும். விண்டோஸ் 7இல் இதற்கென ஒரு மென்பொருள் உடன் வந்தது. விண்டோஸ் 8 முதல் அது இல்லை. இன்று டிவிடிஸ்டைலர் போன்ற மென்பொருள்களை இலவசமாகப் பெறலாம். அதில் ‘பால்’ முறையைத் தேர்ந்தெடுத்துக் கோப்பினைச் சேர்த்தால், மாற்றும் வேலையை அதுவே செய்துவிடும்.

மூன்றாம் படி: வெற்று வட்டில் பதிதல். டிவிடி-ஆர் என்று குறிக்கப்பட்ட வட்டு ஒருமுறை மட்டும் எழுதத்தக்கது. டிவிடி-ஆர்டபிள்யூ அழித்து எழுதத்தக்கது. பின்னதைப் பழைய பெட்டிகள் சில ஏற்கா. ஆதலால் முன்னதே ஏற்றது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டுச் செலுத்தும் பகுதி இல்லை. அவ்வாறாயின் யூஎஸ்பி கம்பியால் இணைக்கும் தனிக் கருவியைப் பயன்படுத்தலாம். குடும்பங்கள் சில சேர்ந்து ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். பதியும் வேகத்தைக் குறைத்து வைப்பது நலம். பதிந்துகொண்டிருக்கையில் கணினியில் வேறு வேலை செய்யலாகாது.

நான்காம் படி: சோதித்தல். பதிந்த வட்டைக் கணினியில் மட்டும் பார்த்து நிறைவடையாமல், ஒரு டிவிடி பெட்டியில் இட்டுத் தொலைக்காட்சியில் முழுவதும் பாருங்கள். மஞ்சள் முனை படத்திற்கும், வெள்ளை, சிவப்பு முனைகள் ஒலிக்கும் உரியவை. பழைய ஒளிபரப்பு முறை 2019ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாளுடன் நம் நாட்டில் முற்றாக நிறுத்தப்பட்டது. அதனால் பழைய தொலைக்காட்சிகளில் நிகழ்ச்சிகளைக் காணத் தனிக் கருவி வேண்டும். வட்டில் உள்ளதைக் காண்பதற்கு அக்கருவி தேவையில்லை. டிவிடி பெட்டியை இணைத்தாலே போதும்.

வட்டு இல்லாமலும் காணலாம்

வீட்டில் புதிய தொலைக்காட்சி இருந்தால் வழி இன்னும் எளிது. அதன் பின்புறமோ பக்கவாட்டிலோ யூஎஸ்பி துளை இருக்கும். எம்பி4 கோப்பினைப் பென்டிரைவில் இட்டு அத்துளையில் செருகினால், பெரும்பாலான புதிய பெட்டிகளில் காட்சி ஓடும். படமும் வட்டில் உள்ளதைவிடத் தெளிவாக இருக்கும். ஆனால் ரிமோட்டில் பல பொத்தான்களை அழுத்திக் கோப்பினைத் தேட வேண்டியிருக்கும். தனியே இருக்கும் முதியவருக்கு வட்டே எளிது. யாருக்குக் கொடுக்கிறோம் என்பதை எண்ணியே முடிவு செய்ய வேண்டும்.

பாதுகாப்பு

வெயிலும் வெப்பமும் வட்டுக்குப் பகை. கூரைத் தகரத்தின் கீழோ சன்னலோரத்திலோ வைத்தல் கூடாது. விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தல் ஆகாது. தலைப்பை எழுத மென்முனைப் பேனாவைப் பயன்படுத்துக. வட்டும் ஒருநாள் பழுதாகக்கூடியதே. ஆகையால் மூலக்கோப்பினையும் நிழற்படங்களையும் வேறு இரண்டு இடங்களிலாவது வைத்திருக்க வேண்டும். வட்டு வந்துவிட்டது என்று பழைய நிழற்படங்களை எறிந்துவிடலாகாது.

இளைஞர்களே! அடுத்த விடுமுறைக்கு வீடு செல்லும்போது, பெட்டியின் அடியிலும் சுவரிலும் உள்ள பழைய படங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றைப் பெரியோரிடம் காட்டிப் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். பெரியோர்களே! பிள்ளைகள் கேட்கும்போது, “அதெல்லாம் பழைய கதை” என்று ஒதுக்காமல் சொல்லுங்கள். வட்டில் பதியும் வேலை ஒருநாளில் முடிந்துவிடும். பெயர்களைக் கேட்டு எழுதும் வேலையை இன்றே தொடங்குதல் வேண்டும்.