கரண்டியால் உண்ணாத குழந்தை பின்தங்கிய குழந்தையா?

சோற்றைப் பிசைந்து, உருட்டி, சிந்தாமல் உண்ணத் தெரிந்த குழந்தையிடம் கரண்டியும் முள்கரண்டியும் கொடுத்தால் அது தடுமாறலாம். தேர்வுத் தாளில் அத்தடுமாற்றம் ‘வளர்ச்சித் தாமதம்’ என்று பதிவாகக்கூடும். குறை குழந்தையின் கையிலா, கேள்வியிலா?

உண்ணுதல், உடுத்துதல், விளையாடுதல், எழுதுகோல் பிடித்தல் போன்ற அன்றாடச் செயல்களைக் குழந்தை எவ்வாறு செய்கிறது என்று கணித்து உதவுவது ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்வழிச் சிகிச்சை. அன்றாடம் என்பது எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதே இங்குள்ள சிக்கல். குழந்தை வளர்ச்சியைக் கண்டறிய உலகெங்கும் பரவிய டென்வர் சோதனை 1967இல் அமெரிக்காவில் வெளியானது. 1992இல் திருத்தப்பட்ட அதன் 125 உருப்படிகளில் கரண்டி பிடித்தலும் உண்டு. சீரியல் உணவைத் தானே தயாரித்தலும், சீட்டு விளையாடுதலும் உண்டு. அதன் வயது வரையறைகள் கொலராடோ மாநிலக் குழந்தைகளைக் கொண்டு வகுக்கப்பட்டவை.

பொருள் மாறினால் முடிவும் மாறும். உளவியலாளர் ராபர்ட் செர்பெல் 1979இல் வெளியிட்ட ஆய்வில், தாளில் வரைவதில் இங்கிலாந்துக் குழந்தைகள் முந்தினர். கம்பியால் உருவம் செய்வதில் சாம்பியக் குழந்தைகள் முந்தினர். களிமண்ணில் இருவரும் சமம். சாம்பியக் குழந்தைகள் கம்பியில் வண்டி செய்து விளையாடி வளர்ந்தவர்கள்.

இத்தகைய பிழைக்கு விலை கொடுப்போர் விளிம்புநிலை மக்களே. கலிபோர்னியாவில் நுண்ணறிவுத் தேர்வுகளைக் கொண்டு கறுப்பினக் குழந்தைகள் ‘மனவளர்ச்சி குன்றியோர்’ வகுப்புகளுக்கு அளவுக்கு மீறி அனுப்பப்பட்டனர். லாரி பி. வழக்கில் அது பாகுபாடு என்று கூட்டாட்சி நீதிமன்றம் 1979இல் தீர்ப்பளித்தது.

மாற்று வழியும் உண்டு. 2010இல் வெளியான மலாவி வளர்ச்சி மதிப்பீட்டுக் கருவி, மேலைநாட்டுக் கேள்விகளின் மொழிபெயர்ப்போடு நின்றுவிடவில்லை. ஊர் மக்களிடம் கேட்டு, பொருந்தாதவற்றை நீக்கி, அவர்கள் வாழ்விலிருந்து புதியவற்றைச் சேர்த்து, 136 உருப்படிகளோடு அது உருவானது. வயது வரையறைகளும் மலாவிக் குழந்தைகளைக் கொண்டே வகுக்கப்பட்டன.

இந்தியாவில் 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத்திட்டம் அங்கன்வாடிக் குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தையும் பரிசோதிக்கிறது. சேரிக் குழந்தைக்கு இங்கு இரண்டு ஆபத்துகள் உள்ளன. வாய்ப்பின்மை இயலாமையாக முத்திரை குத்தப்படலாம். ‘இந்தப் பிள்ளைகள் இப்படித்தான்’ என்ற சாதியப் பார்வையால் உண்மையான இயலாமை கவனிக்கப்படாமலும் போகலாம். முதலாவது அவமதிப்பு, இரண்டாவது, சிகிச்சை பலன் தரும் வயதையே பறித்துவிடுகிறது. தேர்வே வேண்டாம் என்பது இதற்குத் தீர்வாகாது. தேர்வு நேர்மையானதாக வேண்டும்.

அதற்குச் சில அடிப்படைகள் தேவை. சட்டை மாட்டுதல், குவளையில் நீர் மொள்ளுதல், கூழாங்கல் விளையாட்டு எனக் குழந்தை அறிந்த செயல்களிலிருந்து கேள்விகள் எழ வேண்டும். வீட்டில் புழங்கும் சொல்லிலேயே அவை கேட்கப்பட வேண்டும். புதிய பொருளைத் தொட்டுப் பழக அவகாசம் தர வேண்டும். வரையறை வகுக்கும்போது தலித், பழங்குடிக் குழந்தைகள் போதிய எண்ணிக்கையில் இடம்பெற வேண்டும். அவர்களின் தாய்மார்கள் தகவல் தருவோராக மட்டுமின்றி, கேள்விகளை ஏற்கவும் நிராகரிக்கவும் உரிமை பெற்றோராக அக்குழுவில் அமர வேண்டும்.

அடுத்த முறை உங்கள் ஊர் அங்கன்வாடியில் பரிசோதனை நடக்கும்போது கேளுங்கள்: இந்த அளவுகோல் எந்தக் குழந்தைகளை வைத்து உருவாக்கப்பட்டது?