கோளை அறிய முதலில் விண்மீனை அறிய வேண்டும்

மே, ஜூன் மாத இரவுகளில் நம் ஊரிலிருந்து தெற்கே பார்த்தால் தெற்குச் சிலுவை விண்மீன் கூட்டம் தெரியும். அதற்கு இடப்பக்கம் பளிச்சிடும் இரு விண்மீன்களில் அதிக ஒளியுடையது ஆல்ஃபா சென்டாரி. அதன் அருகே, நமக்கு இன்னும் சற்று நெருக்கமாக, 4.24 ஒளியாண்டுத் தொலைவில் இன்னொரு விண்மீன் உள்ளது. புரோக்சிமா சென்டாரி என்பது அதன் பெயர். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் அதுதான். ஆனாலும் அதை வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. காரணம், அது ஒரு சிவப்புக் குறுவிண்மீன்.

நமது பால்வீதியில் உள்ள விண்மீன்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இந்த வகையைச் சேர்ந்தவை. எனினும் அவற்றில் ஒன்றுகூட வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை. உருவில் சிறியவை, வெப்பம் குறைந்தவை, மங்கலானவை. எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடுவதால் இவற்றின் ஆயுள் மிக நீண்டது. சூரியன் மொத்தம் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகள் ஒளிரும். மிகச் சிறிய சிவப்புக் குறுவிண்மீன்களோ லட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஒளிரக்கூடியவை.

ஏழு கோள்களின் குடும்பம்

சிலி நாட்டின் லா சியா வானாய்வகத்தில் 60 சென்டிமீட்டர் ஆடி கொண்ட டிராப்பிஸ்ட் என்ற சிறிய தொலைநோக்கி உள்ளது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகக் குழு அதைக் கொண்டு ஒரு குறுவிண்மீனைச் சுற்றும் மூன்று கோள்களை 2016ஆம் ஆண்டு அறிவித்தது. மறு ஆண்டு, நாசாவின் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் உதவியுடன் அந்த எண்ணிக்கை ஏழானது. ஏழும் பூமியை ஒத்த அளவுடையவை. இதுவே டிராப்பிஸ்ட்-1 குடும்பம். கும்ப ராசி மண்டலத்தில், ஏறத்தாழ 40 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது.

அந்த விண்மீன் நமது வியாழன் கோளைவிடச் சற்றே பெரியது. ஏழு கோள்களின் பாதைகளும் நமது புதன் கோளின் பாதைக்குள் அடங்கிவிடும். முதல் கோளுக்கு ஓர் ஆண்டு என்பது ஒன்றரை நாள். கடைசிக் கோளுக்கு ஏறத்தாழ 19 நாள்.

நிழல் சொல்லும் கணக்கு

கோள் தன் விண்மீனின் முன்னால் கடக்கும்போது விண்மீனின் ஒளி சற்றுக் குறையும். அந்தக் குறைவை அளந்தே கோளைக் கண்டறிகின்றனர். காற்பந்துத் திடலின் பெரிய விளக்கின் முன் ஓர் ஈசல் பறந்தால் யாருக்கும் தெரியாது. அதே ஈசல் கைவிளக்கின் முன் பறந்தால் வெளிச்சம் மங்குவது தெரியும். பூமி சூரியனைக் கடக்கும்போது மறைக்கும் ஒளி சுமார் 12,000இல் ஒரு பங்கு. டிராப்பிஸ்ட்-1 விண்மீனைப் பூமி அளவுள்ள கோள் கடந்தால் சுமார் 170இல் ஒரு பங்கு மறையும். குறுவிண்மீன்களை வானியலாளர்கள் தேடிச் செல்வது இதனால்தான்.

ஆனால் இந்த அளவீடு தருவது விகிதம் மட்டுமே. கோளின் உண்மையான அளவு தெரிய, விண்மீனின் அளவு தெரிய வேண்டும். விண்மீனின் ஆரம் நாம் நினைத்ததைவிட 10 விழுக்காடு பெரியது என்று தெரியவந்தால், கோளின் ஆரமும் 10 விழுக்காடு கூடும். கொள்ளளவு 33 விழுக்காடு கூடிவிடும். பாறைக் கோள் என்று கருதியது நீர் மிகுந்த கோளாக மாறிவிடலாம்.

யாருடைய நீராவி?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கோளுக்குக் காற்றுமண்டலம் இருந்தால், விண்மீனின் ஒளி அதனுள் புகுந்து வரும்போது அங்குள்ள வாயுக்களின் தடயம் ஒளியில் பதியும். ஆனால் டிராப்பிஸ்ட்-1இன் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 2,300 பாகை செல்சியஸ்தான். சூரியனின் வெப்பத்தில் பாதிக்கும் குறைவு. இவ்வளவு குளிர்ந்த விண்மீனிலேயே நீராவி இருக்க முடியும். அதன் கரும்புள்ளிகள் இன்னும் குளிர்ந்தவை. ஆகவே தொலைநோக்கியில் நீராவித் தடயம் தெரிந்தால், அது கோளுடையதா, விண்மீனுடையதா? 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஜிஜே 486 பி என்ற கோளை ஆராய்ந்தபோது இதே கேள்விதான் எழுந்தது.

டிராப்பிஸ்ட்-1இன் முதல் கோளான 'பி'யின் பகல் பக்கம் சுமார் 230 பாகை செல்சியஸ் என 2023இல் வெப் அளந்தது. அடர்த்தியான காற்றுமண்டலம் அங்கு இல்லை என்பதையே இது காட்டுகிறது. இந்த ஏமாற்றத்தையே ஆய்வாளர்கள் கருவியாக்கிக்கொண்டனர். மிதமான வெப்பம் நிலவக்கூடிய நான்காவது கோள் 'இ' கடக்கும் நேரத்தையொட்டி, 'பி' கடப்பதையும் பதிவு செய்கின்றனர். 'பி'யில் காற்று இல்லையென்றால், அதன் பதிவில் தெரியும் தடயம் விண்மீனுடையதாகவே இருக்க வேண்டும். அதைக் கழித்தால் எஞ்சுவது 'இ' கோளுடையது.

2025இல் வெளியான முதல் நான்கு கடப்புகளின் முடிவுப்படி, 'இ'யைச் சுற்றி ஹைட்ரஜன் மிகுந்த தடித்த உறை இல்லை. நைட்ரஜன் மிகுந்த காற்று இருக்கலாம்; வெறும் பாறையாகவும் இருக்கலாம். குறுவிண்மீன்கள் இளமையில் அதிகம் ஒளிர்ந்து, அடிக்கடி தீப்பிழம்புகளை வீசுபவை. அருகில் உள்ள கோளின் காற்றையும் நீரையும் அவை அப்போதே பறித்திருக்கலாம்.

விண்மீன்களில் பெரும்பாலானவை இந்த வகையே. அவற்றின் கோள்களில் காற்று தங்கும் என்று தெரிந்தால், உயிர் வாழத்தக்க உலகங்கள் ஏராளமாக இருக்க வாய்ப்புண்டு. தங்காது என்று தெரிந்தால், நமது பூமி நாம் நினைப்பதைவிட அரிய இடம். 'இ' கோள் ஆறு நாளுக்கு ஒருமுறை தன் விண்மீனைக் கடக்கிறது. விடை தேட வாய்ப்புகளுக்குக் குறைவில்லை.