நெஞ்சில் நிற்கும் சோறு, புற்றாக இல்லாதபோது

சோறு இறங்காமல் நெஞ்சிலேயே நிற்கிறது என்று மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறவர் மனதில் ஓடுவது புற்றுநோய்ப் பயம்தான். அது நியாயமான பயம். உணவுக்குழாய்க் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுதான். அதனால் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடவே கூடாது. ஆனால் அபூர்வமாக, சாதுவான கட்டியும் அங்கே வருவதுண்டு. அதில் முதன்மையானது லியோமயோமா. குழாயின் தசைச் சுவரில் பிறக்கும். பெரும்பாலும் 20 முதல் 50 வயதுக்குள். சிறிதாக இருக்கும்வரை சத்தம் காட்டாது. 5 சென்டிமீட்டரைத் தாண்டினால்தான் பலருக்குத் தொந்தரவு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எண்டோஸ்கோப்பியில் உள்தோல் புண்ணில்லாமல் வழுவழுப்பாக இருந்து, அடியில் மேடு மட்டும் தெரிந்தால், அவசரப்பட்டுச் சதையைக் கிள்ளி எடுக்கக் கூடாது. கிள்ளிய இடம் ஆறும்போது உள்தோல் கட்டியோடு ஒட்டிக்கொள்ளும்; பிறகு ஆபரேஷனில் கிழிந்துபோகும். "சதை எடுத்துப் பார்க்கலையா டாக்டர்?" என்று உறவினர்கள் நச்சரிப்பார்கள். மறுக்கும் டாக்டரை நம்புங்கள். குழாய்க்குள்ளேயே செலுத்திப் பார்க்கும் அல்ட்ராசவுண்டும் சிடி ஸ்கேனும் கட்டி எந்த அடுக்கில் இருக்கிறதென்று காட்டிவிடும்.

சிறிய கட்டி, தொந்தரவில்லை என்றால் கண்காணித்தாலே போதும். வளர்ந்தால் எடுக்க வேண்டும். குழாயை அல்ல, கட்டியை மட்டும். 1933-இல் ஜப்பானிய அறுவை மருத்துவர் ஓசாவா நெஞ்சைத் திறந்து செய்ததை, இன்று விலா இடுக்கில் சிறு துளைகள் போட்டே செய்கிறார்கள். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துத் துளைவழியே உணவுக்குழாய்ப் புற்றை அகற்றிய 130 பேரின் அனுபவத்தைக் கோவை டாக்டர் சி. பழனிவேலு குழு 2006-இல் வெளியிட்டது. அப்படிப் படுத்தால் நுரையீரல் தானே சரிந்து வழிவிடும். அந்த வசதி இந்தக் கட்டிக்கும் பொருந்தும்.

தசையை நீளவாக்கில் பிளந்தால் வெளிறிய, கெட்டியான கட்டி தெரியும். அதிலேயே ஒரு தையல் போட்டு இழுத்துப் பிடித்து, பலாச்சுளையிலிருந்து கொட்டையைப் பிதுக்குவதுபோல மெல்ல நெகிழ்த்துகிறார்கள். அடியில் இருப்பது மெல்லிய உள்தோல். குடலுக்கு இருப்பதுபோன்ற வெளியுறை உணவுக்குழாய்க்குக் கிடையாது. கசிந்தால் நெஞ்சுக்கூடு முழுக்கச் சீழ் பிடிக்கும். அதனால் நெஞ்சுக்குள் உப்புநீரை நிரப்பி, எண்டோஸ்கோப் வழியே காற்றை ஊதிப் பார்ப்பார்கள். ஒரு குமிழி கிளம்பினாலும் அந்த இடத்தைத் தேடித் தைத்தாக வேண்டும். குமிழி இல்லையென்றால் பிளந்த தசையை மறுபடி சேர்த்துத் தைப்பார்கள். விட்டுவைத்தால் உள்தோல் அந்த வழியாகப் பையாகப் பிதுங்கும்.

எடுத்த கட்டி ஆய்வகத்துக்குப் போகும். ஜிஸ்ட் என்ற இன்னொரு கட்டியும் இதே தோற்றத்தில் வரும், அது சாதுவல்ல. சாயப் பரிசோதனையில் டெஸ்மின் என்ற புரதம் பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் லியோமயோமா, சிடி117 என்றால் ஜிஸ்ட். ஜிஸ்ட் என்று வந்தால் வருஷக்கணக்கில் ஸ்கேன் பார்த்துவர வேண்டும், சிலருக்கு இமாட்டினிப் மாத்திரையும் தேவைப்படும். ஆகவே தையல் பிரித்த பிறகும் அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.