இறைச்சிக்குப் புகையூட்டக் கட்டைக்கரியா, அச்சுக்கரியா?

இறைச்சியைப் புகையில் வைத்துப் பாகஞ்செய்யும் முறை பல தேசங்களில் உண்டாயினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பாகத்தில் அது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. டெக்ஸாஸில் மாட்டின் மார்புக் கண்டமும், வட கரோலினாவில் பன்றி இறைச்சியும் இவ்விதம் பக்குவமாகின்றன. பெரிய அடுப்புகளில் விறகையே எரிப்பதுண்டு. வீட்டுப் புகையடுப்புகளுக்குக் கரியே சாதாரண எரிபொருள். அக்கரி இருவகைப்படும். மரம் துண்டு துண்டாகவே வெந்து கரியானது கட்டைக்கரி. கரித்தூளைப் பசையிட்டு அச்சில் அழுத்தியெடுப்பது பிரிக்கெட் என்னும் அச்சுக்கரி. டெக்ஸாஸில் மெஸ்கீட் என வழங்கும் மரமும் தமிழ்நாட்டுச் சீமைக் கருவேலமும் நெருங்கிய இனத்தவை. ஆகையால் இவ்விரண்டில் எது எதற்கு ஏற்றது என்பது கரி சுடும் நிலச்சுவான்தார்களும் அறியத்தக்க விஷயமாகும்.

சீரான சூடே பிரதானம்

புகையடுப்பில் சூடு சுமார் 225 முதல் 250 டிகிரி பாரன்ஹீட் வரையே இருத்தல் வேண்டும். கடினமான கண்டங்களிலுள்ள நார்ப்பொருள் மெதுவாகக் கரைந்து கூழாவதற்குப் பத்து மணி நேரமும் அதற்கு மேலும் செல்லும். சூடு மிஞ்சினால் மேற்புறம் காய்ந்து உள்ளே இறைச்சி விறைத்துப்போகும். நெருப்பு இடையில் அவிந்தாலோ கேடு பெரிது. 40 டிகிரிக்கும் 140 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் இறைச்சி நெடுநேரம் கிடந்தால், நோய்க்கிருமிகள் விரைவிற் பெருகி உண்பவருக்குத் தீங்கு செய்யும். எனவே கரியைத் தேர்ந்தெடுப்பதில் முதலிற் கவனிக்க வேண்டியது அது தரும் சூட்டின் சீர்மையே.

மணம் கரியிலிருந்து வருவதன்று

நன்றாக வெந்த கரியில் புகை சொற்பம். மரத்திலுள்ள ஆவிப்பொருள்கள் மூட்டத்திலேயே வெளியேறிவிடுகின்றன. இறைச்சிக்கு மணமூட்டுவது கனலின்மேல் இடும் சில உலர்ந்த விறகுத் துண்டுகளேயாம். ஹிக்கரி, ஓக், ஆப்பிள் முதலிய மரங்கள் இதற்கு உபயோகமாகின்றன. மெஸ்கீட்டின் புகை காரமானதால் அதை அளவாகவே இடுவர். மெல்லிய நீலப் புகை நல்லது. அடர்ந்த வெண்புகை கசப்பையே தரும். ஆதலால் மணத்தை உத்தேசித்துக் கரிக்கு அதிக விலை கொடுப்பதில் பயனில்லை.

இருவகைக் கரியின் குணங்கள்

கட்டைக்கரி விரைவிற் பற்றும். மிகுந்த சூட்டுடன் எரியும். சாம்பல் கொஞ்சமே விடும். காற்றுத்துவாரத்தைத் திறந்தாலும் மூடினாலும் உடனே அதற்கேற்ப மாறும். அதன் குறை துண்டுகளின் அளவு ஒவ்வாமையாகும். பெரிய துண்டுகளுக்கிடையே சந்துகள் விழுந்து சூடு ஏறியிறங்கும். தூள் மிகுந்தால் காற்று அடைபடும்.

அச்சுக்கரிக்கு அமெரிக்காவில் எல்ஸ்வொர்த் ஸ்வாயர் என்பவர் 1897-ல் காப்புரிமை பெற்றார். 1920-களில் ஹென்றி போர்டின் ஆலையில், மோட்டார் வண்டிகளுக்கு அறுத்த மரத்தின் கழிவிலிருந்து இது பெருமளவில் செய்யப்பட்டது. ஒரே அளவும் ஒரே கனமும் உடையதாகையால் வரிசையாக அடுக்கி ஒரு முனையிற் பற்றவைத்தால் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றி நெடுநேரம் ஒரே சீராக எரியும். மாவுப்பசையும், சிலவற்றில் சுண்ணாம்புக்கல்லும் நிலக்கரியும் சேர்வதால் சாம்பல் அதிகம். அது கீழ்த்துவாரத்தை அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் ஊட்டிய அச்சுக்கரி புகையூட்டலுக்கு ஆகாது. அதன் நாற்றம் இறைச்சியில் ஏறும்.

ஆகவே, பத்து மணி நேர வேலைக்கும் பழக்கமில்லாதவருக்கும் கலப்பற்ற அச்சுக்கரியே உசிதம். கோழி, மீன் முதலிய குறுகிய வேலைக்கும், நெருப்பின் அருகிலிருந்து கவனிப்பவருக்கும் கட்டைக்கரி அநுகூலமானது. எதுவாயினும் வெளியிடத்திலேயே மூட்ட வேண்டும். அடைத்த அறையில் கரிப்புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு, மணமின்றியே உயிரைப் போக்கும்.

கரி சுடுவோர் கவனிக்க வேண்டியவை

சீமைக் கருவேலம் 1877-ல் இந்தியாவிற் புகுத்தப்பட்டது. இராமநாதபுரம், விருதுநகர் முதலிய வறண்ட ஜில்லாக்களில் அது நஞ்சை புஞ்சைகளையும் கண்மாய்களையும் கவ்விக்கொண்டது. அதை வெட்டி மூட்டம் போடுவது அங்கே பலருக்கு ஜீவனம். மேற்சொன்ன குறைகளுள் பல, மூட்டத்தடியிலேயே நீக்கக்கூடியவை.

1. கனம் ஒத்த விறகுகளைச் சேர்த்து அடுக்கினால் வேக்காடு ஒருமிக்கும். அரைவேக்காட்டுக் கொள்ளி அடுப்பில் கசந்த புகை விடுமாதலால் அதைப் பொறுக்கி விலக்க வேண்டும். நன்கு வெந்த கரி தட்டினால் கணீரென்று ஒலிக்கும்.

2. மண்ணும் கல்லும் நீக்கிச் சல்லடையிட்டு, பெரியது, நடுத்தரம், சிறியது எனப் பிரித்தல் வேண்டும். அளவு ஒத்த கட்டைக்கரி ஏறக்குறைய அச்சுக்கரியைப்போலவே சீராக எரியும்.

3. சல்லடையில் இறங்கிய தூளை எறியாமல் சேர்த்துவைத்தால், மரவள்ளி மாவுப்பசை சேர்த்து அச்சுக்கரியாக்கலாம். அச்சுக்கரியை ஈரம் படாமல் காத்தல் வேண்டும், நனைந்தால் உதிர்ந்துபோகும்.

4. மூட்டம் பிரித்த கரியை ஒரு நாளாவது காற்றாடப் பரப்பிவைத்த பின்னரே மூட்டையிட வேண்டும். புதுக்கரி தானே கனன்று பற்றும் இயல்புடையது. அவசரமாக ஏற்றினால் வண்டியும் கிடங்கும் தீக்கிரையாகும். கிராம அதிகாரிகள் இதைக் கரி வியாபாரிகளுக்கு எடுத்துரைத்தல் நலம்.