தோல் மருத்துவரின் கண்

தோல் மருத்துவர்களின் இருபத்தைந்தாவது உலக மாநாடு 2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 3 முதல் 8 வரை சிங்கப்பூரில் கூடிற்று. தென்கிழக்காசியாவுக்கு அம்மாநாடு வந்தது அதுவே முதன்முறை. நான்காண்டுக்கு ஒருமுறை கூடுவது அது. 2011இல் சோல், 2015இல் வான்கூவர், 2019இல் மிலான் என ஒவ்வொரு முறையும் விமானம் ஏற வேண்டியிருந்த ஜொகூர் மருத்துவர், இம்முறை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கடற்பாலத்தைக் கடந்தால் போதுமென்றாயிற்று.

சிறப்புப் பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர் ஒருவர் இத்தகைய மாநாட்டிற்குச் சென்று என்ன செய்வார்? ஒரே நேரத்தில் பல மண்டபங்களில் சொற்பொழிவு நடக்கும், சிலவற்றைத்தான் கேட்கலாம். தாமும் ஒன்று கொண்டு செல்வார். தம் மருத்துவமனையில் கண்ட அரிய நோயொன்றின் படம், நோய் வந்த வரலாறு, சோதனை முடிவு ஆகியவற்றை ஒரு பக்க அளவில் சுருக்கி, திரையில் காட்டுவார். பேச வாய்ப்புக் கிடைத்தால் சில நிமிடங்களே. இதற்கா இவ்வளவு செலவும் பயணமும் என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. விடை காண முதல் மாநாட்டை நோக்க வேண்டும்.

அது 1889இல் பாரிஸ் நகரின் சேன் லூயி மருத்துவமனையில் கூடியது. அக்காலத்தில் ஒரே நோய்க்குப் பாரிஸில் ஒரு பெயர், வியன்னாவில் வேறு பெயர். எழுத்தில் எத்துணை விரித்துரைத்தாலும் ஒருவர் சொல்லும் ‘தடிப்பு’ மற்றவர் மனத்தில் அதே தடிப்பாக விழுவதில்லை. இதற்கு அம்மருத்துவமனை கண்ட வழி மெழுகு. காகிதக்கூழில் பழ உருவங்கள் செய்துவந்த பாரெட்டா என்னும் கைவினைஞரை அழைத்து வந்தார்கள். அவர் நோயாளியின் தோல்மீதே அச்செடுத்து, அதில் மெழுகு வார்த்து, நோயின் நிறத்தை அப்படியே தீட்டினார். அவ்வுருவங்களின் காட்சிக்கூடம் அம்மாநாட்டின்போது திறக்கப்பட்டது. பல நாட்டு மருத்துவர் ஒரே உருவத்தைச் சுட்டிக்காட்டி, இதற்கு உம் நாட்டில் என்ன பெயர் என்று கேட்க முடிந்தது. அன்று முதல் இன்றுவரை தோல் மருத்துவ மாநாடு என்பது கண்களுக்குள் உடன்பாடு காணும் இடமேயாகும்.

ஆனால் அந்த மெழுகுக்கு உடல் தந்தவர் யார்? பெரும்பாலும் பாரிஸ் நகரத்து வெள்ளைத் தோலினர். அவர் தோலில் அழற்சி என்றால் சிவப்பு. ஆகவே பாடநூல்களிலும் ‘சிவந்த திட்டு’ என்பதே முதல் அடையாளமாயிற்று. கருத்த தோலில் மெலனின் என்னும் நிறப்பொருள் அச்சிவப்பை மறைத்துவிடும். அதே அழற்சி கரும்பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரியும். தடவிப் பார்த்தால் வெப்பமும் தடிப்பும் கைக்குத் தெரியும். சிவப்பையே தேடும் கண், தமிழ்க் குழந்தையின் கரப்பானைச் சிறிதென மதிப்பிட்டு அனுப்பிவிடக்கூடும். பிட்ஸ்பாட்ரிக் என்பவர் 1975இல் வகுத்த தோல்வகைப் பட்டியலில்கூட முதலில் வெள்ளைத் தோலுக்கே நான்கு வகைகள். பழுப்பும் கறுப்பும் பின்னர்ச் சேர்க்கப்பட்டவை. கருத்த தோலில் நோய்க்குறிகள் எவ்வாறு தோன்றும் என்று காட்டும் கையேடொன்றை இலண்டனில் ஒரு மருத்துவ மாணவர் தம் ஆசிரியர்களோடு சேர்ந்து வெளியிட்டது 2020இல்தான். நூற்று முப்பது ஆண்டுத் தாமதம்!

தோட்டப்புறத்தார் நன்கறிந்த எடுத்துக்காட்டு ஒன்று: தொழுநோயின் தொடக்கத் திட்டு வெளுத்த தோலில் செம்மையாகவும், நம் தோலில் வெளிறியும் தோன்றும். குழந்தை முகத்துத் தேமலும் வெளிறியதே. கண் இரண்டையும் மயங்கும், பஞ்சு மயங்காது. கண்ணை மூடச்சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டால் தேமலில் உணர்ச்சி இருக்கும். தொழுநோய்த் திட்டில் அது குறைந்தோ அற்றோ இருக்கும்.

இந்நோயைப் பற்றி உலகிற்கு மலாயா கற்பித்ததும் உண்டு. 1930இல் தோன்றிய சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பில், டாப்சோன் மருந்தை எதிர்த்து நிற்கும் கிருமிகள் இருப்பது மெய்ப்பிக்கப்பட்டு, 1964இல் வெளியாயிற்று. ஒரு மருந்தை மட்டும் நம்பலாகாது, பல மருந்துகளைச் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பிற்பாடு முடிவெடுத்ததற்கு இத்தகைய சான்றுகளே காரணம். ஒரு பக்கச் செய்தியைக் கொண்டு செல்லும் இளைஞரைச் சிறிதென எண்ண வேண்டா.

பெயர்களின் கதை தமிழாசிரியர்க்குச் சுவையானது. பிறவியில் தோன்றும் ஒருவகைப் புள்ளிக்குப் பிரெஞ்சில் ‘பால் கலந்த காப்பி’ என்று பெயர். நம் தோலில் அது பாலில்லாக் காப்பியாகவே தெரியும்! சங்கப் புலவர் சுணங்கு, திதலை என்று மேனியின் நிறவேறுபாட்டை அழகாகக் கண்டனர். பிற்காலத்தாரோ தொற்றாத ஒரு நிறக்குறைவை ‘வெண்குட்டம்’ என்று தொழுநோயோடு சேர்த்துப் பெயரிட்டுவிட்டனர். அச்சொல்லால் எத்தனை திருமணங்கள் நின்றன! ‘வெண்புள்ளி’ என்பதே தக்க பெயர். வகுப்பறையிலும் அதுவே வழங்கவேண்டும்.

அடுத்த மாநாடு 2027இல் மெக்சிகோ நாட்டுக் குவாதலகாராவில் கூடுமென அறிவிக்கப்பட்டுள்ளது. அங்குக் காட்டவேண்டிய படங்களை ஜொகூர் மருத்துவர் இப்போதே எடுத்துவைக்க வேண்டும்: நோயாளியின் ஒப்புதலோடு, பகல் வெளிச்சத்தில், நோயுற்ற திட்டோடு பக்கத்திலுள்ள நலமான தோலும் தெரியும்படியாக.