நோயாளியே முதற் புத்தகம்

(பி.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

'கிளார்க்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுவது தாலுகா அலுவலக மேசையும், அதன்மேல் கட்டுக் கட்டாகக் கிடக்கும் கோப்புகளுமே. ஆனால் அமெரிக்க மருத்துவப் பள்ளியில் படிக்கும் மாணவர் ஒருவர் தம்மைக் கிளார்க் என்று சொல்லிக்கொண்டால், அவர் மருத்துவமனை வார்டில் நோயாளியின் படுக்கையருகே நிற்கிறார் என்று பொருள். நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதி வைப்பவர் ஆதலின் இப்பெயர் வந்தது. அப்பயிற்சிக்குக் 'கிளார்க்ஷிப்' என்று பெயர்.

அறுவை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் எனப் பல துறைகளிலும் இப்பயிற்சி உண்டு. அவற்றுள் கடலெனப் பரந்து கிடப்பது உள்மருத்துவம். நம் மருத்துவக் கல்லூரிகளில் பொது மருத்துவம் என்று வழங்கும் துறைக்கு ஏறத்தாழ இணையானது அது. இதயம், நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், இரத்தம், நாளமில்லாச் சுரப்பிகள், தொற்றுநோய்கள் என வளர்ந்தோரின் உடலுக்குள் நேரும் கோளாறுகள் பலவும் இதில் அடங்கும். இத்தனையையும் 8 முதல் 12 வாரங்களுக்குள் எவ்வாறு கற்றுத் தேறுகின்றனர்? அம்முறையில் நம் போன்ற அறிவியல் மாணவர்க்கும் பாடம் ஏதேனும் உண்டா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

மண்டபத்திலிருந்து வார்டுக்கு

19-ஆம் நூற்றாண்டின் அமெரிக்காவில், மருத்துவப் பள்ளிகள் பலவற்றில் சொற்பொழிவுகளைக் கேட்டே பட்டம் பெற்றுவிடலாம் என்ற நிலை இருந்தது. பால்டிமோர் நகரில் 1889-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையும், 1893-இல் அதன் மருத்துவப் பள்ளியும் திறக்கப்பட்டன. அங்கே மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றவர் கனடாவில் பிறந்த வில்லியம் ஆஸ்லர். இங்கிலாந்தில் வழங்கிவந்த கிளார்க் முறையை அவர் அங்கு வேரூன்றச் செய்தார். 1892-இல் அவர் எழுதி வெளியிட்ட மருத்துவப் பாடநூல் பல பதிப்புகளைக் கண்டது. அத்தகைய நூலை எழுதியவரே, நூல் மட்டும் போதாது என்று மாணவர்களை நோயாளியிடம் அழைத்துச் சென்றார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. 1910-இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர், அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளைப் பற்றி எழுதிய அறிக்கையும் ஜான்ஸ் ஹாப்கின்ஸையே முன்மாதிரியாகக் காட்டிற்று. அதன்பின் இம்முறை நாடெங்கும் நிலைபெற்றது.

நான்கு படிகள்

பொழுது புலரும் வேளையிலேயே மாணவர் வார்டுக்கு வந்துவிடுகிறார். தமக்கு ஒதுக்கப்பட்ட இரண்டு, மூன்று நோயாளிகளிடம் இரவு எப்படிக் கழிந்தது என்று கேட்கிறார். நாடி, இரத்த அழுத்தம், காய்ச்சல் ஆகியவற்றையும் அன்றைய இரத்தப் பரிசோதனை முடிவையும் குறித்துக்கொள்கிறார். பிறகு மூத்த மருத்துவர்கள் ரவுண்ட்ஸ் வரும்போது அவர்கள்முன் நான்கு படிகளாக எடுத்துரைக்கிறார். நோயாளி சொல்வது என்ன? பரிசோதித்து அறிந்தது என்ன? அதன் பொருள் என்ன? இனிச் செய்ய வேண்டியது என்ன? லாரன்ஸ் வீட் என்னும் அமெரிக்க மருத்துவர் 1968-இல் எழுதிய கட்டுரை வழியாகப் பரவிய பதிவு முறையில் பிறந்தது இவ்வரிசை.

முதல் இரண்டும் செய்திகள். அவற்றைச் சேகரிக்கக் கண்ணும் காதும் போதும். மூன்றாவது படியில்தான் கல்வி தொடங்குகிறது. மூச்சுத் திணறல் என்றால் இதயக் கோளாறா, நுரையீரல் நோயா, இரத்தச் சோகையா என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் சார்பாகவும் எதிராகவும் உள்ள சான்றுகளை எடைபோட வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை மாணவர் உணரும் இடம் இதுவே.

தேர்வு கேட்பது எது?

பயிற்சியின் முடிவில் எழுத்துத் தேர்வு உண்டு. 1915-இல் தோன்றிய தேசிய மருத்துவத் தேர்வாளர் வாரியம் ஆயத்தம் செய்யும் தேர்வையே பள்ளிகள் பலவும் நடத்துகின்றன. மாணவர் பேச்சில் அதற்கு 'ஷெல்ஃப்' தேர்வு என்று பெயர். 110 வினாக்கள், 165 நிமிடங்கள். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடந்தான்.

"குடற்புண்ணின் அறிகுறிகளை எழுதுக" என்பது போன்ற வினா அதில் இராது. ஒவ்வொரு வினாவும் ஒரு நோயாளியின் கதை. எடுத்துக்காட்டாக ஒன்றை நாமே அமைத்துப் பார்ப்போம். 50 வயதுடைய ஒருவர் மூட்டுவலிக்காகப் பல மாதங்களாக வலி மாத்திரை விழுங்கி வந்தார். இன்று இரத்த வாந்தி எடுத்துவிட்டு வந்திருக்கிறார். நாடி நிமிடத்திற்கு 130. இரத்த அழுத்தம் 80/50. முதலில் செய்ய வேண்டியது எது?

இரைப்பைப் புண் என்பதைக் கண்டுகொண்ட மாணவர், எண்டோஸ்கோப்பிக் குழாயைச் செலுத்திப் பார்ப்பதே விடை என்று விரைந்து குறித்துவிடக்கூடும். நோயை அறிந்தது சரியே. ஆனால் விடை தவறு. அந்த இரத்த அழுத்தத்தில் முதல் வேலை, தடித்த ஊசிக்குழாய் இரண்டைச் செருகிச் சலைன் ஏற்றுவதும், இரத்தத்திற்கு ஏற்பாடு செய்வதுமே ஆகும். நிலைமை தேறியபின் எண்டோஸ்கோப்பி. ஆக, "இது என்ன?" என்பதோடு நில்லாமல், "அடுத்து என்ன?" என்றும் இத்தேர்வு கேட்கிறது. மனப்பாடம் முதல் வினாவுக்கு உதவும். இரண்டாவதற்குத் துணை நிற்காது.

படிக்கும் முறை

முதலாவது, அன்று கண்ட நோயாளியைப் பற்றியே அன்றிரவு படிப்பது. இதயம் தளர்ந்து கால் வீங்கிய ஒருவருக்கு ஃபியூரோசமைடு என்ற மருந்து தரப்படுகிறது என்று கொள்வோம். அது எங்கே வேலை செய்கிறது? சிறுநீரகத்தில் ஹென்லே வளைவின் ஏறுபகுதியில் உப்பு மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. உப்போடு நீரும் வெளியேறுகிறது, வீக்கம் வடிகிறது. கூடவே பொட்டாசியமும் வெளியேறுகிறது. அது மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். மறுநாள் காலை இரத்தத்தில் பொட்டாசியத்தைப் பார்ப்பது ஏன் என்பது இப்போது விளங்கும். ஒரு மனிதரின் வீங்கிய காலிலிருந்து உடலியங்கியல், மருந்தியல், சிகிச்சை மூன்றும் ஒரே சங்கிலியாகிவிடுகின்றன. இந்த ஹென்லே வளைவு வேறொன்றுமன்று. நாம் ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் வரைந்து, பாகங்களைக் குறித்து, கையெழுத்து வாங்கும் அதே வளைவுதான்!

இரண்டாவது, திரும்பத் திரும்ப வாசிப்பதை விட்டு, தம்மைத் தாமே வினவிக்கொள்வது. மாணவர்கள் வினாத் தொகுப்புகளை நாள்தோறும் சிறிது சிறிதாகச் செய்து பழகுகின்றனர். இதன் பயனை ரோடிகர், கார்ப்பிக்கி ஆகிய இரு உளவியலார் 2006-இல் ஆராய்ந்து காட்டினர். ஒரு பகுதியை இருமுறை வாசித்தவர்களையும், ஒருமுறை வாசித்துப் பின் பாராமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களையும் ஒப்பிட்டனர். ஐந்து நிமிடத்திற்குப் பின் சோதித்தபோது இருமுறை வாசித்தவர்களே முந்தினர். ஒரு வாரத்திற்குப் பின் சோதித்தபோதோ, அவர்கள் நினைவில் நின்றது 42 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்கள் நினைவில் நின்றது 56 விழுக்காடு. விடிய விடிய வாசித்து ஹாலுக்குள் நுழைவோர் இந்த இரு எண்களையும் மறவாதிருப்பது நலம்.

மூன்றாவது, இடைவெளி விட்டுத் திரும்புவது. மறதி எவ்வாறு படிகிறது என்பதை ஜெர்மானியரான எபிங்ஹாஸ் 1885-லேயே தம்மைத் தாமே சோதித்து எழுதி வைத்தார். இன்று மருத்துவ மாணவர் பலரும் 'ஆங்கி' என்ற கணினி அட்டைகளைப் பயன்படுத்துகின்றனர். விடை தெரிந்த அட்டை பல நாள் கழித்தே வரும்; தெரியாத அட்டை விரைவில் மீண்டும் வந்து நிற்கும்.

நான்காவது, தவறிய வினாக்களுக்கென ஒரு நோட்டு. விடையை மட்டுமன்றி, தவறியது ஏன் என்பதையும் அதில் எழுதுகின்றனர். தெரியாததால் தவறியதா, அவசரத்தில் வாசித்ததால் தவறியதா, வரிசை மாறியதால் தவறியதா? மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு.

ஒரு சிக்கல்

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. தேர்வு நெருங்க நெருங்க, வார்டை விட்டு நழுவி நூலகத்தில் வினாத் தொகுப்போடு அமர்ந்துவிட மனம் நாடும். மதிப்பெண் அங்கேதானே இருக்கிறது! ஆனால் தாளில் வரும் நோயாளி தம் குறைகளைச் சுருக்கமாக, ஒழுங்காகச் சொல்லிவிடுவார். படுக்கையில் இருப்பவரோ முக்கியமானதைக் கடைசியில் சொல்வார். சில சமயம் அச்சத்தால் சொல்லாமலே விடுவார். அவரிடம் பொறுமையோடு அமர்ந்து கேட்கும் பழக்கத்தை எந்த வினாத் தொகுப்பும் தராது. நாளை ஓர் உயிர் அந்தப் பழக்கத்தை நம்பியே இருக்கும். ஆகவேதான் பள்ளிகள் எழுத்துத் தேர்வோடு வார்டில் மாணவர் நடந்துகொள்ளும் முறையையும் சேர்த்து மதிப்பிடுகின்றன.

நமக்கு என்ன?

நாம் மருத்துவர் ஆகப்போவதில்லை. ஆயினும் இம்முறைக்குப் பொருட்செலவு இல்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டில் பாடம் கேட்க ஆளில்லாத முதல் தலைமுறை மாணவர்க்கும், டியூஷனுக்கு வழியில்லாதவர்க்கும் மூடி வைத்த நோட்டுப் புத்தகமே கேள்வி கேட்கும் ஆசிரியராகும். இன்று ஆய்வுக்கூடத்தில் கண்டதை இன்றிரவே படிப்போம். படத்தை மறைத்துவிட்டு வரைந்து பார்ப்போம். "இது என்ன?" என்பதோடு நிற்காமல், "இது பழுதானால் அடுத்து என்ன நேரும்?" என்றும் கேட்போம். பருவத் தேர்வு விடுமுறை வருமுன்பே, இருவர் இருவராக வேப்பமர நிழலில் அமர்ந்து ஒருவரை ஒருவர் கேட்கத் தொடங்கலாம். கேட்பவருக்கும் அது படிப்பே.