உங்களுக்குத் தெரியுமா? சிரிக்காமல் சிரிக்க வைத்த கீட்டன்

புயலில் ஒரு வீட்டின் முகப்புச் சுவர் முழுசாகப் பெயர்ந்து நாயகன் மீது சாய்கிறது. மாடி ஜன்னலின் திறப்பு சரியாக அவர் நின்ற இடத்தில் விழ, உயிர் தப்புகிறார். 1928இல் வந்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தின் இந்தக் காட்சியில் ஒளிப்பதிவுத் தந்திரம் எதுவும் கிடையாது. விழுந்தது நிஜமான, கனத்த சுவர். நின்றது மௌனப் பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனேதான். சில அங்குலம் தள்ளி நின்றிருந்தால் நசுங்கியிருப்பார்!

இயக்குநராகவும் கீட்டனின் பாணி இந்த நேர்மைதான். சாகசக் காட்சிகளில் கேமராவைத் தள்ளி நிறுத்தி, முழு உடலும் சுற்றுப்புறமும் தெரியும்படி, வெட்டாமல் படமாக்கினார். முகத்திலோ சிரிப்பே இருக்காது. ‘ஷெர்லாக் ஜூனியர்’ (1924) படப்பிடிப்பில், ரயில்வே தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொட்டிய நீரின் வேகத்தில் தண்டவாளத்தில் விழுந்து அவருடைய கழுத்தெலும்பு முறிந்தது. அது எலும்பு முறிவு என்று பல ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரிந்தது. அந்தக் காட்சி படத்தில் அப்படியே இருக்கிறது.

கிளைட் பிரக்மனோடு சேர்ந்து இயக்கிய ‘தி ஜெனரல்’ (1926) படத்துக்காக, ஆரிகன் மாநிலத்தில் எரியும் பாலத்தின் மீது உண்மையான ரயில் எஞ்சினை ஓட்டி ஆற்றில் விழச் செய்தார். அன்று வசூலில் தோற்ற அந்தப் படம், 1989இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டின் முதல் 25 படங்களில் ஒன்றானது.

ஜாக்கி சானின் ‘புராஜெக்ட் ஏ 2’ (1987) பார்த்தவர்களுக்கு அந்தச் சாயும் சுவர் நினைவிருக்கும். கீட்டனுக்கு அவர் செய்த மரியாதை அது.